பிரிந்தவர் யார்? பிணைக்கப்பட்டவர் யார்?

கூடி வாழ்வதற்கு மக்களுக்கு எத்துணை உரிமை உண்டோ, பிரிந்து வாழ்வதற்கும் அத்துணை உரிமை உண்டு. இவ்விரண்டனுள் ஒன்றைத் தந்து மற்றொன்றை மறுக்கின்ற கூட்டு, கூட்டென்னும் பெயருக்கு உரியதன்று, அது கட்டு. ஆனால், ஒரு கூட்டு விருப்பத்தால் அமைந்ததா, வலிந்து கட்டப்பட்டதா என்பதை அது பிறந்த நாளில் கண்டறிதல் அரிது. அந்நாளில் மாலைகளும் முழக்கங்களும் உண்மையை மூடிவிடும். அதனின்று ஒருவர் எழுந்து வெளியே செல்லும் நாளில்தான், எவர் விரும்பி உள்ளிருந்தார், எவர் இழுத்து வைக்கப்பட்டிருந்தார், எவரைக் கேளாமலே பிறர் முடிவு செய்தனர் என்பனவெல்லாம் வெட்டவெளிச்சமாகும்.

அப்படிப்பட்ட நாள் ஒன்றை நம் காலத்திலேயே கண்டோம். 2020 சனவரி 31 ஆம் நாள் இரவு, இலண்டனில் மணி 11 ஆனபொழுது, பிரசல்சில் நள்ளிரவு 12 ஆனபொழுது, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு முறைப்படி வெளியேறியது. 1973 சனவரி 1 இல் உள்ளே நுழைந்த நாடு, 47 ஆண்டும் ஒரு திங்களும் கழித்து வெளியே வந்தது. 28 ஆக இருந்த உறுப்பு நாடுகள் 27 ஆயின. உறுப்பு நாடொன்று அவ்வொன்றியத்தை விட்டு நீங்கியது அதுவே முதன்முறை.

அவ்விரவில் மக்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைச் செய்தித்தாள்கள் பலவும் இரண்டே படங்களில் அடக்கிவிட்டன. ஒரு படத்தில் கொடியசைத்து ஆடுகின்ற கூட்டம். மறு படத்தில் கண்கலங்கி நிற்கின்ற கூட்டம். வெளியேற விரும்பியோர் மகிழ்ந்தனர், தங்க விரும்பியோர் வருந்தினர் என்ற அளவில் கணக்கு முடிந்தது. அந்த மகிழ்ச்சியும் வருத்தமும் எந்தெந்த மண்ணில், எந்தெந்த இனத்தாரிடையே எழுந்தன என்று பிரித்துப் பார்த்தவர் சிலரே. ஆர்ப்பொலி அடங்கி ஆண்டுகள் சில கழிந்துவிட்டன. இப்பொழுதேனும் நாம் அதைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

திறந்திருந்த கதவு

நடந்ததை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். 2016 சூன் 23 இல் பிரித்தானியாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 72.2 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வெளியேறுதல் வேண்டும் என்றோர் 1 கோடியே 74 நூறாயிரம் பேர், அஃதாவது 51.9 விழுக்காட்டினர். தங்குதல் வேண்டும் என்றோர் 1 கோடியே 61 நூறாயிரம் பேர், 48.1 விழுக்காட்டினர். 2017 மார்ச்சு 29 இல் பிரித்தானியா தன் முடிவை ஒன்றியத்திற்கு எழுத்தில் அறிவித்தது. ஈராண்டில் முடியவேண்டிய வேலை இழுபட்டது. வெளியேறும் நாள் மும்முறை தள்ளிவைக்கப்பட்டது. தெரேசா மே பதவி விலகினார். போரிசு சான்சன் வந்தார். 2019 திசம்பர் 12 இல் நடந்த தேர்தலில் அவர் 80 இடப் பெரும்பான்மையோடு வென்றார். அதற்குள், வெளியேற்றத்தையே கைவிடுமாறு கேட்டு 61 நூறாயிரம் பேர் நாடாளுமன்றத்திற்கு முறையீட்டில் ஒப்பமிட்டிருந்தனர். அவ்வளவு எதிர்ப்பும் பயன்படவில்லை.

இங்கு நாம் மறவாது குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பிரித்தானியா வெளியேறுவதற்குக் கதவு இருந்தது. 2009 இல் நடைமுறைக்கு வந்த இலிசுபன் உடன்படிக்கை, ஒன்றிய உடன்படிக்கையில் 50 ஆம் பிரிவாக அக்கதவை எழுதி வைத்திருந்தது. எந்த உறுப்பு நாடும் தன் அரசமைப்பு முறைப்படி வெளியேற முடிவு செய்யலாம் என்பது அதன் பொருள். அந்த முடிவுக்கு ஏனைய நாடுகளின் இசைவு தேவையில்லை. அக்கதவைத் தட்டியவர் மீது எவரும் படையனுப்பவில்லை. பிரிவினை பேசினார் என்று எவரையும் சிறையிலிடவில்லை. கணக்குத் தீர்ப்பதில் கடுமை இருந்தது, சொற்போர் இருந்தது, ஆயினும் கதவு திறந்தே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மீது குறைகள் ஆயிரம் சொல்லலாம். இந்த ஒன்றில் அது தன்னைவிடப் பழைய அரசுகள் பலவற்றுக்குப் பாடம் சொல்லியது.

இலண்டனில் எழுந்த ஆர்ப்பு

அன்றிரவு இலண்டன் நாடாளுமன்றத் திடலில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். நைசல் பராசு மேடையேறினார். தலைமை அமைச்சரின் இல்லச் சுவரில் ஒளியால் ஆன கடிகாரம் ஒன்று நொடிகளைக் குறைத்துக்கொண்டே வந்தது. நாடாளுமன்றக் கோபுரத்தின் பெரிய மணியை அடித்து அந்த நொடியை வரவேற்க வேண்டும் என்று பலர் விரும்பினர், பணமும் திரட்டினர். கோபுரத்தில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தமையால் மணி அடிக்கப்படவில்லை. பதிவு செய்து வைத்திருந்த மணியோசையை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்து, நாட்டுப்பண் பாடிக் கூட்டம் மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சியை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. அன்று பகலில் பிரித்தானிய அமைச்சரவை சண்டர்லாந்து நகரில் கூடியது. அந்நகரம் 2016 இல் 61 விழுக்காடு வெளியேற்றத்துக்கு வாக்களித்த நகரம். ஒரு காலத்தில் கப்பல் கட்டி உலகிற்கு அனுப்பிய ஊர் அது. அதன் கடைசிக் கப்பல் தளம் 1988 இல் மூடப்பட்டது. நிலக்கரிச் சுரங்கமும் 1993 இல் மூடப்பட்டது. தங்கள் வாழ்வு தேய்ந்துகொண்டே போனதைத் தொலைவிலிருந்து ஆண்டவர் எவரும் பொருட்படுத்தவில்லை என்று அம்மக்கள் சினந்தனர். தங்களுக்கான சட்டத்தைத் தாங்களே இயற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் பிழை காண நாம் யார்?

எனினும், அந்த மகிழ்ச்சியின் அடையாளங்கள் சிலவற்றைப் பார்க்கும்பொழுது நகைப்பு வரத்தான் செய்கிறது. வெளியேற்றத்தின் நினைவாக 50 பென்சுக் காசு வெளியிடப்பட்டது. 2019 அட்டோபர் 31 என்று நாள் பொறித்து முன்னரே அடித்து வைத்த ஏறத்தாழப் பத்து நூறாயிரம் காசுகள், அந்நாளில் வெளியேற்றம் நடவாமையால் உருக்கப்பட்டன. மீண்டும் புதிய நாள் பொறித்துக் காசடித்தனர். விடுதலையின் அடையாளமாகப் பழைய நீலநிறக் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. அதன் ஏடுகளை உருவாக்கித் தந்தது பிரான்சு நாட்டைச் சேர்ந்த நிறுவனம். உருவாக்கிய இடம் ஒன்றியத்தின் உறுப்பு நாடாகிய போலந்து!

அடையாளங்களை விடுவோம். விடுதலை என்ற சொல்லைப் பார்ப்போம். வாக்கெடுப்பின் முடிவு வந்தபொழுதே அந்நாளைத் தம் நாட்டின் விடுதலை நாள் என்று பராசு முழங்கினார். எதினின்று விடுதலை? ஒன்றியத்துள் இருந்தபொழுது பிரித்தானியாவுக்குத் தன் நாடாளுமன்றம் இருந்தது. தன் படை இருந்தது. தன் பவுண்டுக் காசு இருந்தது. பொதுக்காசாகிய யூரோவையும், எல்லை திறப்பு உடன்படிக்கையாகிய செங்கனையும் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கும் உரிமை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வொன்றியத்தின் அலுவலகங்களில் ஆட்சி செலுத்திய மொழியே அதன் மொழியாக இருந்தது. இத்தகைய நிலையை அடிமைநிலை என்று சொன்னால், உண்மையில் அடிமைப்பட்ட இனங்களுக்கு வேறு சொல்தான் தேடவேண்டும். நிகரான உறுப்பினர் ஒருவர் சங்கத்தை விட்டு விலகினார் என்பதே சரியான பெயர். விலகுதற்கு அவர்க்கு உரிமை உண்டு. ஆனால், விலகல் எல்லாம் விடுதலை ஆகிவிடாது.

பிரசல்சில் ஒலித்த பாட்டு

இரண்டு நாள் முன்னர், சனவரி 29 இல், பிரசல்சிலுள்ள ஐரோப்பிய நாடாளுமன்றம் வெளியேற்ற உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தது. சார்பாக 621 வாக்கு, எதிராக 49 வாக்கு, நடுநிலை 13. பராசுவின் கட்சியினர் சிறு கொடிகளை எடுத்து அசைத்தனர். அவைக்குத் தலைமை தாங்கிய அயர்லாந்துப் பெண்மணி, கொடிகளை மடக்கி எடுத்துக்கொண்டு போகுமாறு சொல்லி அவர்தம் ஒலிவாங்கியை அடக்கினார். பின்னர் உறுப்பினர்கள் எழுந்து நின்று, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு, பிரிவுப் பாட்டொன்றைப் பாடினர். பலர் கண்கலங்கினர்.

அவர்கள் பாடியது ஆல்டு லாங் சைன் என்னும் பாட்டு. அது இசுக்காட்லாந்தின் பாவலர் இராபர்ட்டு பர்ன்சு வழியாக உலகிற்குக் கிடைத்தது. அதன் மொழி இலண்டன் ஆங்கிலமன்று. இசுக்காட்லாந்து மக்களின் தாழ்நிலப் பேச்சு மொழி. பிரித்தானியாவை வழியனுப்ப, வெளியேற மாட்டோம் என்று வாக்களித்த ஓரினத்தின் பாட்டை அந்த இனத்தின் மொழியிலேயே பாடினார்கள்! பாடியவர்களுள் எத்துணைப் பேர் இதை எண்ணிப் பார்த்தனரோ, அறியோம். அவ்வெளியேற்றத்தின் முழுக்கதையும் அந்த ஒரு பாட்டுக்குள் அடங்கியிருந்தது.

எடின்பரோவில் எரிந்த மெழுகுத்திரிகள்

2016 வாக்கெடுப்பில் இங்கிலாந்து 53.4 விழுக்காடு வெளியேற்றத்துக்கு வாக்களித்தது, வேல்சு 52.5 விழுக்காடு. ஆனால், இசுக்காட்லாந்து 62 விழுக்காடு தங்குதற்கே வாக்களித்தது. அந்நாட்டின் 32 உள்ளாட்சிப் பகுதிகளுள் ஒன்றுகூட வெளியேற்றத்தின் பக்கம் நிற்கவில்லை. வட அயர்லாந்து 55.8 விழுக்காடு தங்குதற்கு வாக்களித்தது. நான்கு நாடுகளுள் இரண்டு வேண்டும் என்றன. இரண்டு வேண்டாம் என்றன. இங்கிலாந்தின் மக்கள்தொகை பெரிது. ஆகவே இங்கிலாந்தின் விருப்பம் நால்வரின் விருப்பமாயிற்று.

ஆகவேதான், இலண்டன் திடலில் நாட்டுப்பண் ஒலித்த அதே இரவில், எடின்பரோவில் இசுக்காட்லாந்து நாடாளுமன்றத்தின் முன் மக்கள் மெழுகுத்திரி ஏந்தி நின்றனர். பிரசல்சில் அந்தப் பாட்டு ஒலித்த அதே சனவரி 29 இல், எடின்பரோ நாடாளுமன்றம் இரண்டு முடிவுகளை எடுத்திருந்தது. ஒன்று, தன் கட்டடத்தின் மேல் பறக்கும் ஐரோப்பியக் கொடியை இறக்குவதில்லை என்பது. மற்றொன்று, இசுக்காட்லாந்து தனிநாடாவது குறித்துப் புதிய வாக்கெடுப்பு வேண்டும் என்பது. அது 64 க்கு 54 என்ற வாக்கில் நிறைவேறியது.

இலண்டன் என்ன செய்தது? முதலமைச்சர் நிக்கோலா இசுட்டர்சன் 2019 திசம்பரில் அந்த வாக்கெடுப்புக்கு உரிமை கேட்டு எழுதியிருந்தார். சான்சன் 2020 சனவரி 14 இல் இயலாது என்று விடை எழுதினார். தம் நாட்டின் தன்னுரிமை நாளைக் கொண்டாடுவதற்குப் பதினேழே நாள் முன்னர், அடுத்த வீட்டாரின் தன்னுரிமைக் கேள்விக்கு அவர் தந்த விடை அது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொற்குடம் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு உண்டோ?

இலண்டன் தரப்பில் சொல்லப்படும் கரணியங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். 2014 செப்டம்பர் 18 இல் இசுக்காட்லாந்தில் ஒருமுறை வாக்கெடுப்பு நடந்தது; 55.3 விழுக்காட்டினர் பிரிய வேண்டாம் என்றனர். அது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கிட்டும் வாய்ப்பு என்று பிரிவினைத் தலைவர்களே அன்று சொன்னார்கள் என்பது முதற் கரணியம். உண்மைதான், சொன்னார்கள். ஆனால், பிரிய வேண்டாம் என்று பரப்புரை செய்தவர்கள் அன்று என்ன சொன்னார்கள்? பிரித்தானியாவோடு இருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்க முடியும், பிரிந்தால் அதையும் இழப்பீர் என்றார்கள். அந்தச் சொல்லை நம்பி வாக்களித்தவரிடமிருந்து ஆறாண்டுக்குள் அந்த ஒன்றியமும் பறிக்கப்பட்டது. விற்றவன் பொருளை மாற்றிவிட்டான். வாங்கியவன் மட்டும் பேசிய விலையில் நிற்க வேண்டுமா?

இலண்டன் மாநகரும் தங்குவதற்குத்தான் வாக்களித்தது, அதனால் இலண்டனும் தனிநாடு கேட்கலாமா என்பது இரண்டாவது கரணியம். இலண்டன் ஒரு நகரம். இசுக்காட்லாந்து ஒரு நாடு. 1707 இல் இரு நாடாளுமன்றங்களின் சட்டத்தால் இங்கிலாந்தோடு இணைந்த நாடு. அன்றும் பொதுமக்களைக் கேட்டு அந்த இணைப்பு நடக்கவில்லை. எடின்பரோத் தெருக்களில் மக்கள் கலகம் செய்தனர். உள்ளே வரும்பொழுது நாடாக வந்தவனை, வெளியே போகக் கேட்கும்பொழுது மட்டும் மாவட்டம் என்று கணக்கிடுவது எந்த முறை?

2022 நவம்பர் 23 இல் பிரித்தானியத் தலைமை முறைமன்றம், இலண்டனின் இசைவின்றி எடின்பரோ நாடாளுமன்றம் அத்தகைய வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் இயற்ற முடியாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. முறைவர்கள் இருக்கின்ற சட்டத்தைச் சொன்னார்கள், அவர்களை நோவதற்கில்லை. நோகவேண்டியது அந்தச் சட்டத்தை. பிரித்தானியாவுக்கு ஐரோப்பாவில் 50 ஆம் பிரிவு இருந்தது. இசுக்காட்லாந்துக்குப் பிரித்தானியாவில் அப்படியொரு பிரிவு இல்லை.

எல்லைக்கோட்டில் நின்றவர்கள்

அயர்லாந்தில் அன்று வேறு காட்சி. வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் எல்லை ஏறத்தாழ 310 கல் நீளமுடையது. 3,500 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்ட நீண்ட மோதலுக்குப் பின், 1998 ஆம் ஆண்டு அமைதி உடன்படிக்கை வழியாகத்தான் அவ்வெல்லையில் மக்கள் அச்சமின்றி நடமாடும் நிலை வந்தது. 2020 சனவரி 31 இல் எல்லையோர மக்கள் அக்கோட்டருகே கூடித் தம் எதிர்ப்பைக் காட்டினர். அதே பொழுதில் பெல்பாசுட்டில், பிரித்தானியாவோடு இணைந்திருக்க விரும்பும் சிலர் அரசவை மாளிகையின் முன் கொடியசைத்து மகிழ்ந்தனர். அவ்வாறு மகிழ்ந்தோரின் கட்சியே பின்னர் மிகுதியாகச் சினந்தது. நிலத்தில் எல்லைக் காவல் வராமலிருக்க, பொருள்களின் ஆய்வைக் கடலுக்கு மாற்றினார்கள். வட அயர்லாந்துக்கும் ஏனைய பிரித்தானியாவுக்கும் இடையே வணிக எல்லை விழுந்தது. அதை எதிர்த்து அக்கட்சி 2022 பிப்பிரவரியில் ஆட்சியிலிருந்து விலகியது; 2024 பிப்பிரவரி வரை வட அயர்லாந்துக்குத் தன் அமைச்சரவை இல்லாமற் போயிற்று.

தென்கோடியில் சிப்ரால்டர் என்னும் சிறு பாறைநிலம். அதன் மக்கள் 96 விழுக்காடு தங்குதற்கு வாக்களித்தவர்கள். அங்கும் ஐரோப்பியக் கொடி இறக்கப்பட்டது.

வேல்சு வெளியேற வாக்களித்த நாடு. அங்கும் ஒன்று காண்க. வேல்சு மொழி தெருவிலும் வீட்டிலும் உயிரோடு வழங்கும் குவினெத்து, கெரெடிகியான் ஆகிய இரு பகுதிகளும் தங்குதற்கே வாக்களித்தன. ஆங்கிலேசி போல் அம்மொழி வழங்கும் வேறு சில பகுதிகள் மயிரிழையில் வெளியேற்றத்தின் பக்கம் சாய்ந்தன. மொழியுணர்வு ஒரே பக்கம் நின்றது என்று சொல்வது பொய்யாகும். ஆனால், வெளியேற்றச் சட்டத்திற்கு இலண்டன் இசைவு கேட்டபொழுது, 2020 சனவரி 8 இல் இசுக்காட்லாந்து நாடாளுமன்றமும், 20 இல் வட அயர்லாந்து அவையும், 21 இல் வேல்சு அவையும் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. வெளியேற வாக்களித்த வேல்சின் அவையே மறுத்தது என்பது கருதத்தக்கது. தம் ஆட்சியுரிமைகள் இலண்டனால் விழுங்கப்படும் என்ற அச்சம் அதற்கிருந்தது. மூன்று நாடுகளின் அவைகளும் இசையாத சட்டத்தை இலண்டன் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கேட்பது மரபாம், கேட்டபடி நடப்பது கட்டாயமில்லையாம்!

ஆங்கிலேயன் போனான், ஆங்கிலம் போகவில்லை

மொழிப்பற்றுள்ளோர் நெஞ்சில் எழும் கேள்வி ஒன்றுண்டு. பிரித்தானியா போனபின் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆங்கிலத்திற்கு என்ன வேலை? அதைத் தம் தாய்நிலத்து மொழியாகக் கொண்ட பெருநாடு வெளியேறிவிட்டது. எஞ்சியிருப்பவை அயர்லாந்தும் மால்டாவும். அயர்லாந்தின் அரசமைப்பு ஐரியத்தையே முதல் ஆட்சிமொழி என்கிறது. மால்டாவுக்கு மால்டிய மொழி உண்டு. ஒன்றிய ஆணையத்தின் தலைவராக இருந்த யுங்கர், ஆங்கிலம் ஐரோப்பாவில் மெல்ல மெல்லத் தன் இடத்தை இழந்து வருகிறது என்று 2017 மே திங்களில் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு, பிரெஞ்சு மொழிக்கு மாறித் தம் உரையைத் தொடர்ந்தார். அவையினர் கைதட்டினர்.

கைதட்டலோடு அது முடிந்தது. ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஆங்கிலம் நீடித்தது. ஆட்சிமொழிப் பட்டியலை மாற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனப்பட வேண்டும். அதனினும் வலிய தடை வேறொன்று. அலுவலர்கள் ஆங்கிலத்தில் எழுதிப் பழகிவிட்டனர். பிரெஞ்சுக்காரர் செருமானியத்தை ஏற்கார்; செருமானியர் பிரெஞ்சை முழுதும் ஏற்கார்; இருவரும் ஆங்கிலத்தில் பேசி முடித்துக்கொள்கின்றனர். ஆண்டவன் எழுந்து போனாலும் அவன் அமர்ந்திருந்த இருக்கை அப்படியே இருக்கிறது. 1947 இல் ஆங்கிலேயர் கப்பலேறியபொழுது ஆங்கிலம் ஏறவில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே ஐரோப்பாவில் நடந்தது நமக்குப் புதுமையன்று.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். 1973 இல் ஒன்றியத்துள் சென்ற அயர்லாந்து, தன் மொழி உடன்படிக்கைகளில் இடம்பெற்றால் போதும் என்று இருந்துவிட்டது. அலுவல் மொழியாகக் கேட்கவில்லை. மொழிப்பற்றாளர்கள் கிளர்ந்தெழுந்து வற்புறுத்திய பின்னரே அரசு கேட்டது. 2007 சனவரி 1 இல் ஐரியம் ஒன்றியத்தின் ஆட்சிமொழியாயிற்று. மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையால் வைத்திருந்த விலக்குகள் நீங்கி 2022 சனவரி 1 இல் முழு நிலை பெற்றது. நூற்றாண்டுக் கணக்கில் ஆங்கிலத்தால் நசுக்கப்பட்ட மொழி அது. இன்றும் அன்றாடம் பேசுவோர் சிறு தொகையினர். ஆயினும் அது ஏனைய 23 மொழிகளோடு நிகராக அமர்ந்திருக்கிறது. கேட்காத மொழிக்கு எந்த அவையிலும் இருக்கை போடமாட்டார்கள். ஒரு நாடு வெளியேறுவதாலோ உள்ளே வருவதாலோ மொழி தானாக வாழ்வதுமில்லை, வீழ்வதுமில்லை.

கிரீன்லாந்து காட்டிய வழி

இசுக்காட்லாந்தின் நிலை புதிதன்று. அதற்கு முன்னோடி ஒன்றுண்டு. தென்மார்க்கின் ஆட்சியிலிருந்த கிரீன்லாந்து மக்கள், 1972 வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளியல் கூட்டில் சேர வேண்டாம் என்று ஏறத்தாழ 70 விழுக்காட்டளவில் வாக்களித்தனர். தென்மார்க்கின் பெரும்பான்மை அவர்களையும் இழுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. இசுக்காட்லாந்தை வேண்டாத வெளியேற்றத்துக்கு இழுத்தார்கள். கிரீன்லாந்தை வேண்டாத நுழைவுக்கு இழுத்தார்கள். திசைதான் வேறு, செயல் ஒன்றே.

பின்னர் நடந்ததுதான் வேறுபாடு. 1979 இல் கிரீன்லாந்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. தம் கடலில் பிறர் மீன்பிடிப்பதைப் பொறாத அம்மக்கள் 1982 இல் மீண்டும் வாக்களித்தனர். 53 விழுக்காட்டினர் வெளியேறுவோம் என்றனர். தென்மார்க்கு அதைத் தடுக்கவில்லை. அவர்களுக்காக வாதாடி உடன்படிக்கை பெற்றுத் தந்தது. 1985 பிப்பிரவரி 1 இல் கிரீன்லாந்து கூட்டிலிருந்து நீங்கியது. தென்மார்க்கு உள்ளேயே இருந்தது. 2009 தன்னாட்சிச் சட்டம், கிரீன்லாந்து மொழியை அந்நாட்டின் ஒரே ஆட்சிமொழியாக்கியது; தனிநாடாவது குறித்து முடிவெடுப்போர் கிரீன்லாந்து மக்களே என்றும் எழுதி வைத்தது. அந்நாட்டின் மக்கள்தொகை 60 ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களுக்கு எழுதித் தரக்கூடிய உரிமையை 50 நூறாயிரத்துக்கு மேற்பட்ட இசுக்காட்லாந்து மக்களுக்கு எழுதித் தர இயலாதா? அதே பிரித்தானியாதான் 1998 சட்டத்தில், பெரும்பான்மையோர் விரும்புவதாகத் தோன்றினால் வட அயர்லாந்து பிரிந்து அயர்லாந்தோடு சேர வாக்கெடுப்பு நடத்தலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. குருதி சிந்திய மண்ணுக்குக் கதவு. அமைதியாகக் கேட்ட மண்ணுக்குச் சுவர்! இதைவிடத் தீய பாடத்தை ஓர் அரசு தன் மக்களுக்குக் கற்பிக்க முடியாது.

நாம் கொள்ளவேண்டிய கருத்து

வெளியேற்றச் செய்தி வந்தபொழுது நம்முள் சிலர், இது பிரிந்து செல்லும் உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்று ஆராயாமல் கைதட்டினர். வேறு சிலர், அதன்பின் நேர்ந்த இழப்புகளைச் சுட்டிக்காட்டிப் பிரிவு என்றாலே கேடு என்றனர். இரு சாராரும் அளவுகோலை மாற்றிப் பிடித்தவர்களே.

இழப்புகள் நேர்ந்தது உண்மை. பிரித்தானியாவின் வரவு செலவுப் பொறுப்பு அலுவலகமே, வெளியேற்றத்தால் நாட்டின் விளைவுத்திறன் நாளடைவில் 4 விழுக்காடு குறையும் என்று கணித்தது. குடிவரவைக் கட்டுப்படுத்துவோம் என்று சொல்லி வென்றார்கள். 2023 சூனில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடிவரவு 9 நூறாயிரத்தைக் கடந்தது. வெளியேறியது தவறு என்போரே மிகுதி என்று பின்னர் வந்த கருத்துக் கணிப்புகள் பல காட்டின. இவையெல்லாம் அந்த முடிவின் அறிவுடைமையைப் பற்றிய கேள்விகள். முடிவெடுக்கும் உரிமையைப் பற்றியவை அல்ல. தன் வீட்டை ஒருவன் நட்டத்திற்கு விற்கலாம். அதனால் வீடு அவனுடையதன்று என்று ஆகிவிடாது. வந்து சேரும் ஊதியத்தைப் பொறுத்துத்தான் உரிமை என்றால், உலகில் எந்த இனத்துக்கும் உரிமை மிஞ்சாது.

உரிமையை அளக்கவேண்டிய கோல் வேறு. ஒரு கூட்டு அமையும்பொழுதும் முறியும்பொழுதும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அதில் அடங்கிய ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே கேட்டார்களா? கேட்டபின் அதன் விடையை மதித்தார்களா? உள்ளே வர இருந்த கதவு வெளியே போகவும் திறந்திருக்கிறதா? 2020 சனவரி 31 ஐ இந்த மூன்று கேள்விகளில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தைக் கேட்டார்கள், மதித்தார்கள், கதவும் திறந்தது. இசுக்காட்லாந்தைக் கேட்டார்கள், மதிக்கவில்லை, கதவும் திறக்கவில்லை.

ஆகவே, அன்றிரவு ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிந்தவர் யார் என்றால், பிரிய விரும்பியவரே பிரிந்தார். பிணைக்கப்பட்டவர் யார் என்றால், அவரோடு சேர்த்து வெளியே இழுக்கப்பட்டவர். தன் விடுதலையைக் கொண்டாடுகின்றவன் உண்மையில் விடுதலையை விரும்புகின்றானா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அதே சொல்லை அடுத்தவன் சொல்லும்பொழுது அவன் முகத்தைப் பாருங்கள். அம்முகம் மலர்ந்தால் அவன் விடுதலையை விரும்புகின்றவன். அம்முகம் சுளித்தால், அவன் தன் ஆட்சியை மட்டுமே விரும்புகின்றவன். எந்த நாட்டுச் செய்தியைப் படித்தாலும், கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்டு மயங்காமல், மெழுகுத்திரி ஏந்தி நிற்கின்ற சிலரையும் தேடிப் பாருங்கள். அவர்கள் ஏன் நிற்கின்றனர் என்று கேட்டறிந்த பின்னரே கைதட்டுங்கள்.